மெயில் போகிறது, லாக் எங்கே? கன்டெய்னர் மெயில் சர்வரில் காணாமல் போன வரிகளைத் தேடும் வழி

சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவருக்கு லாக், அதாவது நடந்ததை வரிவரியாக எழுதும் பதிவேடு, அதுதான் கண். ‘நேற்றே அனுப்பிவிட்டேன், வரவில்லையா?’ என்று யாராவது கேட்டால், வந்ததா, போனதா, எங்கே நின்றது என்று சொல்ல லாக்கை விட்டால் வேறு சாட்சி கிடையாது. மெயில் நின்றுபோனால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள். லாக் நின்றுபோனால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். மெயில் தன்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஏதோ ஒரு அவசரத்துக்கு லாக்கைத் திறக்கிற அன்றைக்குத்தான், பல நாளாக ஒரு வரிகூட விழவில்லை என்பது தெரியும்.

கன்டெய்னரில், அதாவது டாக்கர் என்ற கருவி தனி அறைபோலப் பிரித்து ஓட்டும் சூழலில், இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட் இரண்டும் டாக்கருக்கு முந்தைய காலத்து மென்பொருள்கள். கணினியில் சிஸ்லாக் என்று ஒரு சேவை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், வரியை அதன் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்பது அவற்றின் கணக்கு. டாக்கரின் கணக்கு வேறு. எந்த நிரலாக இருந்தாலும் தன் வரிகளை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலோ ஸ்டாண்டர்ட் எரரிலோ கொட்ட வேண்டும், மீதியை டாக்கர் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வரிகள் தொலைகின்றன.

‘லாக் இல்லை’ என்று நாம் சொல்வது மூன்று விதமான கோளாறுகளில் ஒன்றாக இருக்கும். வரி எழுதப்படவே இல்லை. அல்லது, எழுதப்பட்டது, ஆனால் நாம் பார்க்காத இடத்தில். அல்லது, எழுதப்பட்டு அழிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திறந்து பார்ப்போமே, அதே முறைதான் இங்கும்: ஒரு சோதனை வரியை உள்ளே விட்டு, எந்த மூட்டு வரை வருகிறது என்று பார்க்க வேண்டும். பலரும் முதல் வேலையாக டீபக் அளவை ஏற்றிவிடுகிறார்கள். வழி அடைத்திருக்கும்போது அதில் பயனில்லை. கூடுதலாக வரும் வரிகளும் அதே இடத்தில் காணாமல் போகும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். கன்டெய்னரின் பெயர் ‘மெயில்’ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்

எதிலும் கை வைப்பதற்கு முன் ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ போடாதீர்கள். அது கன்டெய்னரையே நீக்கிவிடும். டாக்கர் வழக்கமாக வைத்திருக்கும் லாக் கோப்பு கன்டெய்னரோடு ஒட்டியது, கன்டெய்னர் போனால் அதுவும் போய்விடும். அமைப்பில் எதையாவது மாற்றிவிட்டு ‘டாக்கர் கம்போஸ் அப் -டி’ கொடுத்தாலும் இதே கதைதான்: பழைய கன்டெய்னரை அகற்றிவிட்டுப் புதியதை வைக்கும். ‘ரீஸ்டார்ட்’ மட்டும் பரவாயில்லை, கன்டெய்னர் அதேதான் என்பதால் லாக் தங்கும்.

எனவே முதலில் நகல்: ‘டாக்கர் லாக்ஸ் மெயில் > பழையது.டிஎக்ஸ்டி 2>&1’. கடைசியில் இருக்கும் அந்த ‘2>&1’ முக்கியம். டாக்கர் இரண்டு ஓடைகளையும் தனித்தனியாகவே தருகிறது. அதை விட்டுவிட்டால் ஸ்டாண்டர்ட் எரரில் வந்தவை கோப்பில் ஏறாது. டவ்காட்டை ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதும்படி அமைத்திருந்தால் அதன் வரி ஒன்றுகூட அந்தக் கோப்பில் இருக்காது. ‘லாக்கைக் காணோம்’ என்ற புகார் சில சமயம் இந்த இடத்திலேயே தீர்ந்துபோகும்.

மெயில் இங்கேதான் வருகிறதா?

சிரிக்க வேண்டாம், இதையும் பார்த்துவிட வேண்டும். வரி இல்லாததற்கு இணைப்பே வராததும் காரணமாக இருக்கலாம். டொமைனுக்கான மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கலாம், 25ஆம் போர்ட்டை நடுவில் யாராவது அடைத்திருக்கலாம். வெளியே உள்ள வேறொரு கணினியிலிருந்து டெல்நெட் அல்லது நெட்கேட் கொண்டு 25ஆம் போர்ட்டுக்கு இணையுங்கள். ‘220’ என்று தொடங்கும் வரவேற்பு வரியில் உங்கள் சர்வரின் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால், அந்த நொடியில் லாக்கில் ‘கனெக்ட் ஃப்ரம்’ என்று ஒரு வரி விழுந்திருக்க வேண்டும். இணைப்பு கிடைத்தும் வரி விழவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள். இணைப்பே கிடைக்கவில்லை என்றால் உங்கள் பிரச்சினை நெட்வொர்க்கில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் அதற்கு மருந்து இல்லை.

டாக்கர் பக்கம் ஒழுங்காக இருக்கிறதா?

இதற்கு ஒரு சின்ன வேலை போதும். கன்டெய்னருக்குள் நுழைந்து (‘டாக்கர் எக்ஸெக் -இட் மெயில் ஷ்’) ரூட்டாக இதை அடியுங்கள்: ‘எக்கோ சோதனை > /ப்ராக்/1/எஃப்டி/1’. கன்டெய்னரின் முதல் ப்ராசஸ், அதாவது பிஐடி 1, தன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டாக வைத்திருக்கும் இடத்துக்கே இந்தச் சொல் நேராகப் போகிறது. உடனே வெளியே வந்து ‘டாக்கர் லாக்ஸ் --டெய்ல் 5 மெயில்’ கொடுங்கள். ‘சோதனை’ என்ற சொல் தெரிந்தால் டாக்கரின் மீது குற்றமில்லை. வரிகள் கன்டெய்னருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இதே சொல்லை எக்ஸெக் ஷெல்லில் வெறுமனே எக்கோ செய்தால் லாக்கில் வராது. எக்ஸெக் வழியாக ஓடுவது உங்கள் திரைக்குத்தான் எழுதும், கன்டெய்னரின் லாக்குக்குப் போகாது. இதை வைத்துக் குழம்பியவர்கள் நிறைய.

சொல் தெரியவில்லையா? அப்படியானால் லாக் டிரைவரைப் பாருங்கள். ‘டாக்கர் இன்ஸ்பெக்ட் மெயில்’ கொடுத்து ‘லாக்கன்ஃபிக்’ என்ற பகுதியைத் தேடினால், டிரைவர் எது என்று இருக்கும். ‘நன்’ என்றிருந்தால் டாக்கர் எதையுமே சேமிக்கவில்லை. ‘ஜேசன்-ஃபைல்’ என்றால் வழக்கமான முறை. வரிகள் /வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ் அடைவில், அந்தக் கன்டெய்னரின் நீண்ட அடையாள எண் கொண்ட கோப்பில் இருக்கும். ‘ஜர்னல்டி’ என்றால் ஹோஸ்ட்டில் (கன்டெய்னர்கள் ஓடும் கணினியில்) ‘ஜர்னல்சிடிஎல் கன்டெய்னர்_நேம்=மெயில்’ கொடுத்தும் பார்க்கலாம் (‘கன்டெய்னர்_நேம்’ மட்டும் பெரிய எழுத்தில்).

டிரைவரை மாற்ற நினைத்து டீமன்.ஜேசன் கோப்பைத் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டாக்கரை ரீஸ்டார்ட் செய்த பிறகும் பழைய கன்டெய்னர்கள் பழைய டிரைவரிலேயே ஓடும். புதிதாக உருவாகும் கன்டெய்னருக்குத்தான் புது அமைப்பு பொருந்தும்.

உள்ளே யார் லாக் வாங்குகிறார்?

பெரும்பாலான கோளாறு இந்த மூட்டில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

‘டாக்கர் டாப் மெயில்’ கொடுங்கள். கன்டெய்னருக்குள் பிஎஸ் கட்டளை இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். பட்டியலில் ஆர்சிஸ்லாக்டி, சிஸ்லாக்-என்ஜி அல்லது போஸ்ட்லாக்டி இருக்கிறதா? அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸிடமே கேளுங்கள்: ‘போஸ்ட்கான்ஃப் மெயில்லாக்_ஃபைல்’. பதில் காலியாக வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் சிஸ்லாக்கை நம்பியிருக்கிறது என்று பொருள். அதாவது /டெவ்/லாக் என்ற சாக்கெட்டுக்குள் வரிகளைப் போடுகிறது. கன்டெய்னருக்குள் ‘எல்எஸ் -எல் /டெவ்/லாக்’ கொடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். சாக்கெட் இல்லாவிட்டால் வரி எங்கும் போகாது, பிழை என்று எதுவும் எழாது, போஸ்ட்ஃபிக்ஸ் எதுவும் நடக்காததுபோல மெயிலை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வு உண்டு. நான் பரிந்துரைப்பது போஸ்ட்ஃபிக்ஸ் தானே நேராக எழுதும் முறையை. 2019இல் வந்த 3.4ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது. ‘போஸ்ட்கான்ஃப் மெயில்_வெர்ஷன்’ கொடுத்து உங்கள் பதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 3.4 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். மெயின்.சிஎஃப் கோப்பில் ‘மெயில்லாக்_ஃபைல் = /டெவ்/எஸ்டிடிஅவுட்’ என்ற வரி. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் ‘போஸ்ட்லாக்’ என்ற சேவைக்கான வரி. போஸ்ட்ஃபிக்ஸைத் தொடங்கும்போது ‘ஸ்டார்ட்’ என்று கொடுக்காமல் ‘போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டார்ட்-எஃப்ஜி’. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலைக்காகாது. அடிக்கடி விடுபடுவது இரண்டாவது: பழைய சர்வரிலிருந்து மாஸ்டர்.சிஎஃப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள், 3.4க்கு முந்தைய கோப்பில் அந்த வரி இருக்காது. ‘போஸ்ட்ஃபிக்ஸ் அப்கிரேட்-கான்ஃபிகரேஷன்’ கொடுத்தால் விடுபட்ட சேவைகளை அதுவே சேர்த்துவிடும். கையால் எழுதுவதானால் அதன் வகை ‘யூனிக்ஸ்-டிகிராம்’ என்றிருக்க வேண்டும்; மற்ற சேவைகளைப் பார்த்து வெறும் ‘யூனிக்ஸ்’ என்று காப்பி அடித்துவிடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் அவுட்புட் வேண்டாம், கோப்புதான் வேண்டும் என்றால் அதே அமைப்பில் /வார் அடைவுக்குள் ஒரு கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். வேறு அடைவைக் கொடுத்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்காது. ‘மெயில்லாக்_ஃபைல்_ப்ரிஃபிக்ஸஸ்’ என்ற அமைப்பு /வார், /டெவ்/எஸ்டிடிஅவுட் இரண்டை மட்டுமே இயல்பாக அனுமதிக்கிறது.

இரண்டாவது தீர்வு கன்டெய்னருக்குள்ளேயே ஒரு சிஸ்லாக் சேவையை ஓட்டுவது. டாக்கர்-மெயில்சர்வர், மெயில்கவ் போன்ற தயார்நிலைத் தொகுப்புகள் இந்த வழியில்தான் போகின்றன. முதலாவதில் ஆர்சிஸ்லாக், இரண்டாவதில் சிஸ்லாக்-என்ஜி. இதில் தப்பு இல்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியவை கூடுதல்.

ஆர்சிஸ்லாக் ஓடாமல் இருப்பதற்கு விசித்திரமான ஒரு காரணம் உண்டு. கன்டெய்னர் திடீரென்று நின்றுபோனால் அதன் பிஐடி கோப்பு உள்ளே அழியாமல் கிடக்கும். கன்டெய்னருக்குள் ப்ராசஸ் எண்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். எனவே அடுத்த முறை தொடங்கும்போது கோப்பில் உள்ள எண்ணில் ஏதோ ஒரு ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்க, ‘ஏற்கெனவே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஆர்சிஸ்லாக் தப்பாக நினைத்து விலகிவிடும். தொடக்க ஸ்கிரிப்டில் அந்தக் கோப்பை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் முடிந்தது.

ரெட் ஹேட் குடும்ப இமேஜ் என்றால் வேறொரு பொறி. அங்கே ஆர்சிஸ்லாக்கின் இயல்பான அமைப்பு /டெவ்/லாக்கைத் தானே திறப்பதில்லை, சிஸ்டம்டியின் ஜர்னலிலிருந்து வரிகளை எடுத்துக்கொள்கிறது. கன்டெய்னருக்குள் சிஸ்டம்டியும் இல்லை, ஜர்னலும் இல்லை. சேவை ஜோராக ஓடும், ஒரு வரியும் வராது. அமைப்புக் கோப்பில் ‘இம்ஜர்னல்’ வரியை எடுத்துவிட்டு, ‘இமக்ஸ்சாக்’ வரியில் ‘சிஸ்சாக்.யூஸ்’ என்பதை ‘ஆன்’ ஆக்குங்கள். ‘இம்கெலாக்’ என்ற பகுதி கர்னல் லாக்கைத் திறக்க முடியவில்லை என்று புலம்பினால் அதையும் எடுத்துவிடலாம், மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹோஸ்ட்டின் /டெவ்/லாக்கையே கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்யச் சொல்லும் யோசனையை நீங்கள் எங்காவது பார்ப்பீர்கள். முதல் நாள் அருமையாக வேலை செய்யும். ஹோஸ்ட்டில் லாக் சேவை ரீஸ்டார்ட் ஆகிச் சாக்கெட் புதிதாக உருவானால், கன்டெய்னர் செத்துப்போன பழைய சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேண்டாம்.

பாதி வரிகள் மட்டும் வருகின்றனவா? டெபியன் அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸின் பல உறுப்புகள் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் அடைவுக்குள் அடைபட்டு ஓடலாம். இதைத்தான் சிரூட் என்கிறோம். ஆர்சிஸ்லாக்கை மட்டும் தனியாக ரீஸ்டார்ட் செய்தால், உள்ளே அடைபட்டிருக்கும் எஸ்எம்டிபிடி போன்றவற்றால் புதிய /டெவ்/லாக்கை எட்ட முடியாது. அடைபடாமல் ஓடும் லோக்கல், பைப் போன்றவற்றின் வரிகள் மட்டும் வந்துகொண்டிருக்கும். இந்த அறிகுறியைக் கண்டால் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரமாகத் தீர்க்க, மாஸ்டர்.சிஎஃப்பில் சிரூட் பத்தியை ‘என்’ ஆக்கலாம், அல்லது ஸ்பூல் அடைவுக்குள் கூடுதலாக ஒரு சாக்கெட்டைத் திறக்கும்படி ஆர்சிஸ்லாக்குக்குச் சொல்லலாம்.

திருத்தம் எதைச் செய்தாலும் உடனே ஒரு சோதனை வரி போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் வழிக்கு ‘போஸ்ட்லாக் சோதனை-ஒன்று’. சிஸ்லாக் வழிக்கு ‘லாகர் -பி மெயில்.இன்ஃபோ சோதனை-இரண்டு’. இரண்டாவது வந்து முதலாவது வராவிட்டால் கோளாறு போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் என்று அப்போதே தெரிந்துவிடும்.

டவ்காட்டும் ஆர்ஸ்பாம்டியும்

டவ்காட் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ‘டவ்அட்ம் லாக் ஃபைண்ட்’ கொடுத்தால் எந்த வகை வரி எங்கே போகிறது என்று அதுவே சொல்லும். ‘டவ்அட்ம் லாக் டெஸ்ட்’ கொடுத்தால் ஒவ்வொரு வகையிலும் ஒரு சோதனை வரியை எழுதும். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது ‘டவ்அட்ம் லாக் எரர்ஸ்’: கோப்பு, சிஸ்லாக் எதுவும் இல்லாவிட்டாலும், சமீபத்திய எச்சரிக்கைகளையும் பிழைகளையும் டவ்காட் நினைவகத்தில் வைத்திருக்கிறது, அதைக் காட்டும். சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள், பிறகு இருக்காது.

இயல்பில் டவ்காட்டும் சிஸ்லாக்குக்குத்தான் எழுதும். கன்டெய்னரில் ‘லாக்_பாத் = /டெவ்/எஸ்டிடிஎர்’ என்று மாற்றி, ‘டவ்காட் -எஃப்’ (அந்த ‘எஃப்’ பெரிய எழுத்து) என்று முன்னணியில் ஓட்டினால் சரியாகிவிடும். ‘இன்ஃபோ_லாக்_பாத்’, ‘டீபக்_லாக்_பாத்’ என்று தனித்தனி அமைப்புகளும் உண்டு. யாராவது அவற்றை முன்பே வேறு கோப்புக்குத் திருப்பியிருந்தால், பிழைகள் மட்டும் ஓரிடத்திலும் லாகின் வரிகள் வேறிடத்திலும் விழும்.

ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டிக்கு லோக்கல்.டி அடைவில் லாக்கிங்.இன்க் கோப்பில் ‘டைப் = "கன்சோல்"’ என்று போட்டால் போதும்.

எழுதப்பட்டிருக்கிறது, நீங்கள் பார்க்கும் இடத்தில் இல்லை

முதலில் பெயர். டெபியனில் மெயில்.லாக், ரெட் ஹேட் குடும்பத்தில் மெயில்லாக், ஆல்பைனின் பிஸிபாக்ஸ் சிஸ்லாக்கில் /வார்/லாக்/மெசேஜஸ். ஒரு இமேஜுக்கு எழுதிய குறிப்பை வைத்து இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. எங்கே எழுதுகிறது என்று தெரியவே இல்லை என்றால் ‘டாக்கர் டிஃப் மெயில்’ கொடுங்கள். கன்டெய்னர் தொடங்கியதிலிருந்து இமேஜில் இல்லாத எந்தக் கோப்பு உள்ளே முளைத்தது, எது மாறியது என்று பட்டியல் வரும். வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் சேமிக்கும் இடத்தில்) உள்ளவை மட்டும் அதில் வராது.

இரண்டாவது, ஒரே கன்டெய்னருக்குள் பல சேவைகளை ஓட்டும் சூப்பர்வைசர். இயல்பில் அது ஒவ்வொரு நிரலின் வெளியீட்டையும் தானே பிடித்து, தன் சொந்தத் தற்காலிகக் கோப்பில் வைக்கும். சூப்பர்வைசர் மறுபடி தொடங்கும்போது அவற்றை அழித்தும்விடும். நிரலின் பகுதியில் ‘எஸ்டிடிஅவுட்_லாக்ஃபைல் = /டெவ்/எஃப்டி/1’, ‘எஸ்டிடிஅவுட்_லாக்ஃபைல்_மேக்ஸ்பைட்ஸ் = 0’ இரண்டும் வேண்டும். சுழியம் கட்டாயம், இல்லாவிட்டால் ஓடையைக் கோப்பு என்று நினைத்துச் சுழற்றப் பார்த்து உதைக்கும். ஸ்டாண்டர்ட் எரருக்கும் இதே ஜோடியை எழுதுங்கள்.

மூன்றாவது, நேரம். கன்டெய்னர்கள் பொதுவாக யூடிசி நேரத்தில் ஓடும். ‘டாக்கர் லாக்ஸ் -டி’ (டைம்ஸ்டாம்ப் என்பதன் டி) காட்டும் நேரமும் யூடிசிதான். உங்கள் கைக்கடிகாரத்தை வைத்துத் தேடினால், இருக்கும் வரியையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ‘டிஇசட்’ மாறியை (பெரிய எழுத்தில்) வைத்தும் மாறவில்லை என்றால் இமேஜில் டிஇசட்டேட்டா தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்பைனில் அது தானாக வராது, இல்லாவிட்டால் சத்தமில்லாமல் யூடிசிக்கே போய்விடும்.

எழுதப்பட்டு அழிந்தவை

‘டாக்கர் பிஎஸ்’ பட்டியலில் கன்டெய்னர் உருவான நேரத்தைப் பாருங்கள். நீங்கள் தேடும் மெயிலுக்குப் பிறகு அது உருவாகியிருந்தால் விஷயம் முடிந்தது. பழைய கன்டெய்னரோடு வரிகளும் போய்விட்டன, இனி மீட்க முடியாது. இமேஜைத் தானாகப் புதுப்பிக்கும் கருவி எதையாவது ஓட்டுபவர்களுக்கு இது ஆளில்லாத நேரத்தில் நடந்திருக்கும்.

அடுத்தது அளவு. ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு இயல்பில் வரம்பு கிடையாது, வட்டு நிறையும் வரை வளரும். அதற்குப் பயந்து ‘மேக்ஸ்-சைஸ்’ 10 எம்பி, ‘மேக்ஸ்-ஃபைல்’ 3 என்று பலர் வைக்கிறார்கள். மொத்தமே 30 எம்பி. மெயில் சர்வருக்கு இது போதாது. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தட்டினால், உங்களுக்கு வேண்டிய நேற்றைய வரிகளை அந்தக் குப்பை வெளியே தள்ளிவிடும். ‘டாக்கர் லாக்ஸ் -டி மெயில் 2>&1 | ஹெட் -1’ கொடுத்தால் மிச்சமிருக்கும் மிகப் பழைய வரியின் நேரம் தெரியும். அது எவ்வளவு பின்னால் போகிறது என்பதைப் பார்த்து அளவைக் கூட்டுங்கள். ‘லோக்கல்’ டிரைவர் வரிகளைச் சுருக்கி வைப்பதால் இன்னும் தேவலை. அதன் இயல்பான கொள்ளளவு 20 எம்பி வீதம் 5 கோப்புகள்.

ஜர்னல்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு வேறு இரண்டு. ஹோஸ்ட்டில் /வார்/லாக்/ஜர்னல் அடைவு இல்லாவிட்டால், ‘ஸ்டோரேஜ்=ஆட்டோ’ என்ற அமைப்பில் ஜர்னல் நினைவகத்தில்தான் இருக்கும், ரீபூட்டில் போய்விடும். அந்த அடைவை உருவாக்கி ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொன்று வேகத் தடை: இயல்பில் ஒரு சேவை 30 விநாடிக்குள் 10,000 வரிகளைத் தாண்டினால் மிச்சத்தை ஜர்னல்டி விழுங்கிவிட்டு, ‘சப்ரெஸ்ட்’ என்று ஒரு வரி மட்டும் எழுதும். எல்லாக் கன்டெய்னர்களின் வரிகளும் டாக்கர் என்ற ஒரே சேவையின் பெயரில் போவதால், பக்கத்துக் கன்டெய்னர் போடும் கூச்சலில் உங்கள் மெயில் வரிகள் அடிபடலாம்.

மவுன்ட் செய்த கோப்பு

லாக் கோப்பை ஹோஸ்ட்டில் வைக்க நினைத்து, மெயில்.லாக் என்ற ஒற்றைக் கோப்பைக் கம்போஸில் மவுன்ட் செய்வது நிறையப் பேர் விழும் குழி. ஹோஸ்ட்டில் அந்தக் கோப்பு ஏற்கெனவே இல்லாவிட்டால், வழக்கமான குறுகிய எழுத்துமுறையில் டாக்கர் அந்தப் பெயரில் ஒரு அடைவை உருவாக்கிவிடும். ‘எல்எஸ் -எல்’ கொடுத்தால் வரியின் முதல் எழுத்து ‘டி’ (டைரக்டரி என்பதன் டி) என்றிருக்கும். ஆர்சிஸ்லாக் அதில் எப்படி எழுதும்?

கோப்பு முன்பே இருந்தாலும் நிம்மதி இல்லை. மவுன்ட் என்பது பெயரைப் பிடிப்பதில்லை, அந்தக் கோப்பின் ஐநோடை, அதாவது வட்டில் அதற்குள்ள அடையாளப் பதிவைப் பிடிக்கிறது. ஹோஸ்ட்டில் லாக்ரொட்டேட் வந்து கோப்பின் பெயரை மெயில்.லாக்.1 என்று மாற்றிப் புதிய மெயில்.லாக்கை வைத்தால், கன்டெய்னர் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். நீங்கள் புதிய கோப்பைத் திறந்து, சுழியம் பைட் என்று பார்த்துத் திகைப்பீர்கள். எப்போதும் அடைவை மவுன்ட் செய்யுங்கள், கோப்பை வேண்டாம். டாக்கர்-மெயில்சர்வரின் மாதிரி அமைப்பும் /வார்/லாக்/மெயில் என்ற அடைவு முழுவதையும்தான் வெளியே எடுக்கிறது.

அடைவாகவே மவுன்ட் செய்தாலும், சுழற்றிய பிறகு எழுதுபவருக்கு அதைச் சொல்ல வேண்டும். ஆர்சிஸ்லாக்குக்கு ஹெச்யூபி சிக்னல், டவ்காட்டுக்கு ‘டவ்அட்ம் லாக் ரீஓப்பன்’, ஆர்ஸ்பாம்டிக்கு யூஎஸ்ஆர்1 சிக்னல். போஸ்ட்ஃபிக்ஸ் தானே எழுதுகிறது என்றால் லாக்ரொட்டேட்டை விட்டுவிட்டு ‘போஸ்ட்ஃபிக்ஸ் லாக்ரொட்டேட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். பெயர் மாற்றுவதையும் சுருக்குவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நீக்கிய கோப்பை யாராவது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று அறிய, ஹோஸ்ட்டில் ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (அந்த ‘எல்’ பெரிய எழுத்து). இமேஜின் தொடக்க ஸ்கிரிப்டில் லாக்கை வெளியே காட்ட ‘டெய்ல் -எஃப்’ இருந்தால், அந்த ‘எஃப்’பையும் பெரிய எழுத்தாக்குங்கள். சிறிய எழுத்து திறந்த கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய எழுத்து பெயரைப் பின்தொடரும், கோப்பு மாறினால் புதியதைத் திறந்துகொள்ளும்.

அனுமதியும் பார்த்துவிடுங்கள். டாக்கரின் பெயரிட்ட வால்யூம் காலியாக இருந்தால், முதல் முறை இமேஜில் உள்ள அடைவின் உள்ளடக்கத்தையும் உரிமையாளரையும் எடுத்துக்கொள்ளும். ஹோஸ்ட் அடைவை நேராக மவுன்ட் செய்தால் அப்படி எதுவும் நடக்காது. ரூட் உருவாக்கிய அடைவு ரூட்டுடையதாகவே இருக்கும். உபுண்டு இமேஜில் ஆர்சிஸ்லாக் ‘சிஸ்லாக்’ என்ற பயனராக மாறி ஓடுவதால் அதில் எழுத முடியாமல் போகும். கன்டெய்னருக்குள் ‘ஐடி சிஸ்லாக்’ கொடுத்து எண்ணைத் தெரிந்துகொண்டு, ஹோஸ்ட்டில் அந்த எண்ணுக்கே சோன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்யுங்கள். இரண்டு பக்கமும் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கலாம். எஸ்இலினக்ஸ் இயங்கும் ஹோஸ்ட் என்றால் மவுன்ட் வரியின் முடிவில் ‘:இசட்’ சேர்க்க வேண்டும், பெரிய எழுத்தில்.

வட்டு நிறைந்திருக்கிறதா என்று ‘டிஎஃப் -ஹெச்’ போட்டுப் பார்க்கும்போது ‘டிஎஃப் -ஐ’யும் போடுங்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. இடம் தாராளமாக இருக்க, ஐநோடு மட்டும் தீர்ந்துபோயிருக்கலாம்.

லாக் திரும்பி வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது

கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டுபவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓட்டுகிறீர்களா? அதற்கும் சாப்பாடு லாக்தான். வரி விழாத நாட்களில் அது யாரையும் தடுத்திருக்காது. இப்போது லாக்கின் இடத்தை மாற்றியிருந்தால் அதற்கும் சொல்லியாக வேண்டும். ‘ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் போஸ்ட்ஃபிக்ஸ்-எஸ்ஏஎஸ்எல்’ கொடுத்து, பட்டியலில் உள்ள கோப்பு நீங்கள் இப்போது எழுதும் கோப்புதானா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால் அது படிக்கக் கோப்பே இல்லை. அந்த நிலையில் ஜர்னல்டி டிரைவரை வைத்து, ஃபெயில்2பேனின் ‘பேக்எண்ட்’ அமைப்பை ‘சிஸ்டம்டி’ ஆக்கி, ‘ஜர்னல்மேட்ச்’ அமைப்பில் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள். பிறகு வெளியிலிருந்து எஸ்எம்டிபி வழியாகத் தவறான கடவுச்சொல்லோடு ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். ‘டோட்டல் ஃபெயில்ட்’ எண்ணிக்கை ஏறினால் வரி கடைசி மூட்டு வரை வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தினமும் ஒருமுறை கிரானில் ‘போஸ்ட்லாக்’ வழியாகத் தேதியோடு ஒரு வரியை எழுதி, அடுத்த நிமிடம் அதே வரி கிடைக்கிறதா என்று கிரெப் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றையும் ஹோஸ்ட்டில் போட்டுவையுங்கள். கிடைக்காவிட்டால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலை இதே மெயில் சர்வர் வழியாக அனுப்பாமல் வேறு வழியில் அனுப்புங்கள்.